3 கப் மைதா எத்தனை கிராம்? ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்

திண்டுக்கல் அடுப்படி கேட்டது:

வணக்கம். திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து கொடுக்கிறேன். இரண்டு வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று, நான்கு ஆர்டர் வரும். பெரும்பாலும் பிறந்தநாள் கேக்தான்.

இதுவரை நான் செய்ததெல்லாம் என் அத்தை சொல்லிக் கொடுத்த முட்டை இல்லாத தயிர் கேக். அதில் எல்லா அளவும் ஒரே எவர்சில்வர் டம்ளர். மைதா ஒன்றரை டம்ளர், தயிர் ஒரு டம்ளர், சீனி முக்கால் டம்ளர், எண்ணெய் அரை டம்ளர். ஒரு நாளும் தப்பியதில்லை.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் முட்டை போட்ட பட்டர் கேக் வேண்டும் என்றார். தேடியபோது அமெரிக்காவில் காலங்காலமாகச் செய்யும் 1-2-3-4 கேக் கிடைத்தது. 1 கப் பட்டர், 2 கப் சீனி, 3 கப் சலித்த மாவு, 4 முட்டை. அதோடு 1 கப் பால், 3 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் வெனிலா. மனசில் நிற்கிற கணக்காக இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டேன்.

கேக் நடுவில் கோபுரம் மாதிரி எழும்பி வெடித்துவிட்டது. மேலே சீவிவிட்டு கிரீம் தடவிக் கொடுத்தேன். மறுநாள் அந்த அம்மா போன் பண்ணி, "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா தொண்டைய அடைக்குதுமா" என்றார். மீதி இருந்த ஓரத்தைச் சாப்பிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. விரலால் தொட்டாலே உதிர்ந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அது ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். அந்த நாள் திரும்பி வராது. அதுதான் மனசை உறுத்துகிறது.

சரி, இனிமேல் கப்பே வேண்டாம், கிராமுக்கு மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு இடத்தில் 1 கப் மைதா 120 கிராம். இன்னொரு இடத்தில் 125. அப்புறம் 130, 140, ஒருவர் 150 என்கிறார். பட்டருக்கு 225, 227, 240 என்று மூன்று கணக்கு. 120க்கும் 150க்கும் நடுவில், 3 கப்புக்கு 90 கிராம் வித்தியாசம் வருகிறது. எதை நம்புவது?

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரக் கடையில் வாங்கிய நீலப் பிளாஸ்டிக் கப் செட். மைதா டப்பாவுக்குள் விட்டு அள்ளி, இரண்டு தட்டு தட்டி, மேலே கத்தியால் வழித்தேன். அளந்த பிறகு சலித்தேன். பட்டர் அந்த ரெசிபியில் "1 கப், அதாவது 2 ஸ்டிக்" என்று இருந்ததால், 100 கிராம் பாக்கெட் இரண்டு போட்டேன். டிஜிட்டல் தராசு இருக்கிறது. இதுவரை முடிந்த கேக்கை எடை போடத்தான் அதை எடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. அத்தையின் டம்ளர் கேக்கையும் கிராமுக்கு மாற்ற வேண்டுமா? நன்றாக வருவதைத் தொட பயமாக இருக்கிறது.

---

பீளமேடு பேக்கர் எழுதியது:

அக்கா, நான் எப்போதும் 1 கப் 125 கிராம் என்றுதான் எடுக்கிறேன். நீங்கள் டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளியதுதான் தப்பு. முதலில் மாவை ஒரு கரண்டியால் கிளறிவிடுங்கள். அப்புறம் ஸ்பூனால் எடுத்துக் கப்பில் தூவி நிரப்பி, மேலே வழித்துவிடுங்கள். தட்டவே கூடாது. இந்த ஒரு பழக்கம் மாறினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

---

மூட்டைக்கணக்கு எழுதியது:

மதுரையில் ஒரு பேக்கரியில் 28 வருடம் மாவு போட்டவன் நான். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் வேலையை விட்டுவிட்டேன். இப்போது பேத்திகளுக்கு மட்டும் கேக் செய்கிறேன். அந்த 28 வருடத்தில் கப் என்ற சாமானை நான் கையால் தொட்டதில்லை. மைதா 50 கிலோ மூட்டையில் வரும், சீனியும் அப்படியே. எல்லாம் தராசில்தான். முட்டையைக்கூட உடைத்து ஊற்றி எடை பார்ப்போம். ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டில் கப் ரெசிபிகளைப் பார்த்துத்தான் இந்தக் குழப்பமே எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து இரண்டு வருடமாக ஒரு நோட்டு வைத்து அளந்து எழுதிக்கொண்டு வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன் தங்கச்சி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த அட்டவணை சரி என்று கேட்டீர்கள். மைதாவுக்கு நீங்கள் பார்த்த எல்லாமே சரி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை அள்ளிய மாவு, அவ்வளவுதான்.

டப்பாவில் இருக்கும் மைதாவில் பாதிக்கு மேல் காற்று. அந்தக் காற்றை எவ்வளவு வெளியேற்றுகிறோம் என்பதுதான் கப்பின் எடை. அமெரிக்கக் கப் என்பது 240 மி.லி. அந்த ஒரே கப்பில் சல்லடையிலிருந்து நேராக மாவு விழுந்தால் 105, 110 கிராம். ஸ்பூனால் தூவி வழித்தால் 120, 125. கப்பை உள்ளே விட்டு அள்ளினால் 140, 145. அள்ளித் தட்டவும் செய்தால் 150ஐத் தாண்டும். என் நோட்டில் ஒரே மாவு, ஒரே கப், ஒரே நாள் சாயங்காலம் ஐந்து தடவை அள்ளியது இருக்கிறது: 138, 146, 141, 149, 143. அத்தனை வருடம் மாவில் இருந்த என் கையே ஐந்து தடவைக்கு ஐந்து எடை தருகிறது.

நம் வீடுகளில் அரிசியைப் படியால்தானே அளந்தார்கள், அது எப்படிச் சரியாக வந்தது என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. அரிசி மணி நசுங்காது. தலைதட்டி அளந்தால் யார் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே எடைதான் வரும். பருப்பும் அப்படியே, சீனியும் ஓரளவு அப்படியே. மாவு வகைதான் ஏமாற்றும். மைதா, கோகோ பவுடர், ஐசிங் சுகர் மூன்றும் கையைப் பொறுத்து மாறும்.

இன்னொரு விஷயம்தான் இதில் முக்கியம். இட்லிக்கு நாலுக்கு ஒன்று போடுகிறோம். எந்த டம்ளரால் அளந்தாலும் இட்லி கெடுவதில்லை. காரணம், அரிசியும் உளுந்தும் ஒரே டம்ளர். டம்ளர் பெரிதானால் இரண்டுமே சேர்ந்து பெரிதாகும். உங்கள் அத்தையின் கேக்கும் அந்த ஜாதிதான். மைதா, தயிர், சீனி, எண்ணெய் நான்கும் அந்த டம்ளருக்குள் வந்துவிடுகின்றன. அளந்த கையும் ஒரே கை. அதனால்தான் தப்பியதில்லை.

1-2-3-4 கேக் பெயருக்குத்தான் கப் கணக்கு. அதில் மாவும் சீனியும் பாலும் கப்பில். பட்டர் பாக்கெட்டில். முட்டை எண்ணிக்கையில். பவுடர் ஸ்பூனில். நாலும் நாலு ஊர் அளவு. அமெரிக்காவில் பட்டர் ஒரு ஸ்டிக் 113 கிராம், இரண்டு ஸ்டிக் 227. நீங்கள் போட்டது 200. அங்கேயே 27 கிராம் பட்டர் குறைந்துவிட்டது. அப்புறம் நம் ஊர் முட்டையும் சின்னது. அங்கே பெரிய முட்டை என்றால் ஓடு இல்லாமல் 50 கிராம் கணக்கு.

"3 கப் சலித்த மாவு" என்றால், சலித்துவிட்டு அதைக் கப்பில் அளக்க வேண்டும். "3 கப் மாவு, சலித்தது" என்றால், அளந்துவிட்டு அப்புறம் சலிக்க வேண்டும். சொல் இடம் மாறினால் 3 கப்புக்கு நூறு கிராம் மாறும். சீனியிலும் இதே வம்பு உண்டு. 1 கப் சீனியை மிக்ஸியில் பொடித்துப் போடு என்றால் 200 கிராம். 1 கப் பொடித்த சீனி என்றால் 115, 120 கிராம்தான். பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவே.

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். அந்த நீலக் கப்பைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மி.லி. உங்கள் கப். அப்புறம் அதே கப்பில், அன்று அள்ளியது போலவே மைதாவை அள்ளித் தட்டி எடை பாருங்கள். சீனி ஒரு கப். முட்டை நாலு, உடைத்து. இந்த நான்கு எண்ணையும் இங்கே போடுங்கள்.

---

மெல்பேர்ன் பட்டர்கேக் எழுதியது:

மூட்டைக்கணக்கு அண்ணை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கப் என்ற பெயரே நாட்டுக்கு நாடு வேறு. நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில் கப் 250 மி.லி. இங்கே டேபிள்ஸ்பூனும் 20 மி.லி. மற்ற இடங்களில் அது 15 தான். இது தெரியாமல் வந்த புதிதில் ஒரு இந்திய ரெசிபிக்கு 3 டேபிள்ஸ்பூன் கோர்ன்ஃப்ளவர் போட்டு, ஒரு டேபிள்ஸ்பூன் அளவு கூடிப்போய்க் கேக் ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் சமையல் கப் 200 மி.லி. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. அந்த ரைஸ் குக்கர் கப்பால் கேக்கிற்கு அளக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவுன்ஸிலும் கவனம் வேண்டும். "1 கப் 8 அவுன்ஸ்" என்று பல இடத்தில் இருக்கும். அது திரவ அவுன்ஸ், இடத்தை அளப்பது. எடை அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். 8 எடை அவுன்ஸ் மாவு என்றால் 227 கிராம். 1 கப் மாவோ நாலேகால் அவுன்ஸ்தான் இருக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் மா இரட்டிப்பாகிவிடும்.

எங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில் கேக் அடிக்கும்போது எல்லாம் இறாத்தல் கணக்கு. பட்டர் ஒரு இறாத்தல், சீனி ஒரு இறாத்தல், மா ஒரு இறாத்தல், முட்டை பத்து. இறாத்தல் 454 கிராம். அம்மாவின் கொப்பியில் "கப்" என்ற சொல்லே கிடையாது. எடையில் இருந்ததால்தான் கடல் தாண்டி வந்தும் அதே கேக் வருகிறது. அமெரிக்கக்காரரின் 1 கப் பட்டரும் சரியாக அரை இறாத்தல்தான், 227 கிராம்.

---

திண்டுக்கல் அடுப்படி எழுதியது:

அண்ணா, நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு அளந்தேன். இரண்டு இரண்டு தடவை.

நீலக் கப்பில் தண்ணீர் 251 கிராம். மைதா அள்ளித் தட்டியது 152, இன்னொரு தடவை 154. சீனி 212. முட்டை நாலும் சேர்ந்து 178.

மைதாவைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். மூன்று கப் 456 கிராம் அல்லவா? அரை கிலோ பாக்கெட்டில் பத்தில் ஒன்பது பங்கு.

---

மூட்டைக்கணக்கு எழுதியது:

நல்ல வேலை செய்தீர்கள். இனி உங்கள் கேக் ஏன் தொண்டையை அடைத்தது என்பதற்கு வேறு யாரையும் கேட்க வேண்டாம்.

அந்த ரெசிபிக்காரர் மனதில் வைத்தது சலித்து அளந்த மாவு, கப்புக்கு 110 கிராம். மூன்று கப்புக்கு 330. நீங்கள் போட்டது 456. கூடுதல் 126 கிராம். சீனி 400 வேண்டியது 424 ஆகியிருக்கிறது, அது பெரிய குற்றமில்லை. பட்டர் 227 வேண்டிய இடத்தில் 200. முட்டை 200 வேண்டிய இடத்தில் 178. பால் கொஞ்சம் கூடுதல், 240க்குப் பதில் 250 மி.லி. ஆக, ஈரமும் கொழுப்பும் குறைந்து, உறிஞ்சுகிற மாவு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. மாவு இறுகினால் ஓரம் முதலில் வெந்து நின்றுவிடும், நடுவில் இருக்கிறது போக வழியில்லாமல் மேலே வெடிக்கும். உங்கள் ஓவனில் ஒரு தப்பும் இல்லை.

அடுத்த தடவைக்கு இப்படி வையுங்கள். மைதா 330, சீனி 400, பட்டர் 227, முட்டை உடைத்தது 200, பால் 240 மி.லி. முட்டைக்கு ஐந்து உடைத்து அடித்து, 200 கிராம் ஊற்றிக்கொண்டு மீதியை ஆம்லெட்டுக்கு வைத்துவிடுங்கள். நம் ஊரில் கிடைக்கும் பட்டர் பெரும்பாலும் உப்பு போட்டது, அதனால் அந்த அரை டீஸ்பூன் உப்பை விட்டுவிடலாம்.

அத்தையின் டம்ளர் கேக் பற்றிக் கேட்டீர்களே. அதை அட்டவணை பார்த்து மாற்றவே மாற்றாதீர்கள். எந்த அட்டவணைக்கும் உங்கள் டம்ளரைத் தெரியாது, உங்கள் கையையும் தெரியாது. அடுத்த ஆர்டருக்குச் செய்யும்போது, பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, வழக்கம்போல் டம்ளரால் அளந்தே போடுங்கள். விழுந்த எடையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அப்படி. மூன்று கேக் செய்து மூன்று எடையையும் கூட்டி மூன்றால் வகுத்தால், அது உங்கள் அத்தை கேக்கின் கிராம் கணக்கு. கேக் மாறாது. எழுத்து மட்டும் சேரும். நாளைக்கு அந்த டம்ளர் நசுங்கினாலும் தொலைந்தாலும் கேக் உங்களிடம் இருக்கும்.

தராசைப் பற்றி ஒரு வார்த்தை. சில தராசில் கிராமோடு மி.லி. என்றும் ஒரு பட்டன் இருக்கும். அது தண்ணீருக்கு மட்டும் சரி. எண்ணெயை அதில் அளக்காதீர்கள். 1 லிட்டர் எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள், பக்கத்திலேயே 910 கிராம் என்று அச்சிட்டிருக்கும். பால் கொஞ்சம் கனம், அரை லிட்டர் பால் 515 கிராம் பக்கம் வரும். பாக்கெட்டை வைத்துப் பார்த்து 500 காட்டவில்லையே, தராசு கெட்டுவிட்டதா என்று பயப்பட வேண்டாம். தேன் இன்னும் கனம், 240 மி.லி. கப்புக்கு 340 கிராம். கோகோ பவுடர் நேர் எதிர், அதே கப்புக்கு 85லிருந்து 100.

---

பீளமேடு பேக்கர் எழுதியது:

அண்ணா, நான் 125 என்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். என் கப்பிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், 236 கிராம். தூவி நிரப்பினால் 121 வருகிறது. இத்தனை நாள் கிராம் ரெசிபியைக் கப்பாக்கிச் செய்தபோதெல்லாம் கொஞ்சம் குறைத்தே போட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். பேக்கிங் பவுடரையும் கிராமில் அளக்கலாமா? என் தராசில் 3 டீஸ்பூன் கொட்டினால் ஒரு தடவை 11, ஒரு தடவை 14 காட்டுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் 0விலேயே நிற்கிறது.

---

மூட்டைக்கணக்கு எழுதியது:

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். எடைதான் சரி என்று நான் இவ்வளவு சொன்னாலும், இந்த ஒரு இடத்தில் ஸ்பூன்தான் ஜெயிக்கும்.

வீட்டுத் தராசு 5 கிலோ வரை அளக்கச் செய்தது. ஒரு கிராம் படியாகக் காட்டும். 330 கிராம் மாவில் ஒரு கிராம் பிசகினால் நாக்குக்குத் தெரியாது. 4 கிராம் பவுடரில் ஒரு கிராம் பிசகினால் கால் பங்கு போச்சு. அதோடு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மிக மெதுவாக ஏறும் எடையைப் பல தராசுகள் கண்டுகொள்ளாமல் பூஜ்யத்திலேயே நிற்கும். நீங்கள் தூவும்போது நின்றது அதனால்தான். ஸ்பூனை மேஜையில் நிற்கும் டம்ளரில் கொட்டிவிட்டு, டம்ளரைத் தராசில் ஏற்றினால் கொஞ்சம் தேவலை. ஆனால் அதற்குக்கூட அவசியம் இல்லை.

5 மி.லி. டீஸ்பூன் ஒன்று நல்லதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காபி கலக்கும் ஸ்பூன் வேண்டாம், அது வீட்டுக்கு வீடு வேறு. தலைதட்டி ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சுமார் 4 கிராம். சோடா உப்பு கொஞ்சம் கனம், 5 கிராமுக்கு மேல். தூள் உப்பு 6. இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3. வெளிநாட்டு ரெசிபியில் ஈஸ்ட் ஒரு பாக்கெட் என்று இருந்தால் அது 7 கிராம், இரண்டேகால் டீஸ்பூன். நிறைய ரொட்டி போடுகிறவர்கள், நகைக் கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று வாங்கலாம். கேக்குக்கு ஸ்பூன் போதும்.

---

மெல்பேர்ன் பட்டர்கேக் எழுதியது:

பட்டருக்குப் பதிலாக எண்ணெய் போட நினைப்பவர்களுக்கு: 1 கப் பட்டருக்கு 1 கப் எண்ணெய் என்று மாற்றினால் கேக் எண்ணெய் கக்கும். பட்டரில் கொழுப்பு 80 சதவீதம் அளவில்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். 227 கிராம் பட்டரில் கொழுப்பு 180 கிராம் சொச்சம். அதற்குச் சமமான எண்ணெய் 200 மி.லி. குறைந்த தண்ணீருக்கு இரண்டு, மூன்று டேபிள்ஸ்பூன் பால் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் பட்டரையும் சீனியையும் அடிக்கும்போது உள்ளே போகும் காற்று எண்ணெயில் போகாது. கேக்கின் பதம் வேறு மாதிரிதான் இருக்கும், அதை ஏற்றுக்கொண்டுதான் மாற்ற வேண்டும்.

---

திண்டுக்கல் அடுப்படி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். மைதா 330, சீனி 400, பட்டர் இரண்டேகால் பாக்கெட்டும் ஒரு துண்டும், தராசில் 227 வரும் வரை. முட்டை ஐந்து உடைத்தேன், 200 ஊற்றியது போக ஒரு குழிக்கரண்டி மீதி. 8 இஞ்சு தட்டு இரண்டில் பிரித்து ஊற்றினேன். அதையும் தராசில் வைத்தே பிரித்தேன், இரண்டு தட்டும் ஒரே உயரத்தில் வந்தன. மேலே லேசாக எழும்பி அப்படியே நின்றது. வெடிக்கவில்லை. மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டபோதும் மெத்தென்று இருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரு பாதி கொண்டுபோய்க் கொடுத்தேன். பணம் வாங்கவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு, அடுத்த மாதம் கணவரின் பிறந்தநாளுக்கு அரைக் கிலோ சொல்லியிருக்கிறார்.

இப்போது அந்த அரைக் கிலோதான் கேள்வி. 6 இஞ்சு தட்டில் போட வேண்டும். பாதியாக்கினால் சரியா?

---

மூட்டைக்கணக்கு எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. கேக்கை அவரிடமே திரும்பக் கொண்டுபோனீர்கள் பாருங்கள், அது நல்ல காரியம்.

பாதி என்றால் கொஞ்சம் குறையும். வட்டத் தட்டுக்கு இஞ்சை இஞ்சால் பெருக்கிப் பாருங்கள். 6 ஆறு 36. 8 எட்டு 64. 36ஐ 64ஆல் வகுத்தால் 0.56. எல்லா எடையையும் அதால் பெருக்குங்கள். மைதா 185, சீனி 225, பட்டர் 128, முட்டை 112, பால் 135. பேக்கிங் பவுடர் ஒன்றே முக்கால் டீஸ்பூனுக்குத் துளி குறைவாக. கப் கணக்கிலேயே இருந்திருந்தால் இரண்டேகால் முட்டையை எப்படிப் போடுவது என்று முழித்திருப்போம். இப்போது மூன்று உடைத்து, அடித்து, 112 கிராம் ஊற்றிவிட வேண்டியதுதான்.

இது இரண்டு 6 இஞ்சு தட்டுக்கான மாவு. மொத்தம் 790 கிராம் பக்கம் வரும். வேகும்போது அதில் பத்தில் ஒரு பங்கு ஆவியாகப் போகும். அப்போதும் அரைக் கிலோவைத் தாண்டிவிடும், கிரீம் வேறு ஏறும். வாங்குகிறவர் கிலோ கணக்கில்தானே காசு கொடுக்கிறார், அதனால் ஒரே தட்டு போட்டு நடுவில் அறுத்து கிரீம் வைத்தால் சரியாக இருக்கும். இரண்டாவது தட்டைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு மட்டும் போதும் என்றால் மேலே சொன்ன எடையில் சரிபாதி எடுங்கள், முட்டை 56 கிராம் வரும்.

ஓவன் சூட்டை மாற்ற வேண்டாம், அதே சூடுதான். சின்னத் தட்டு என்பதால் ஐந்து நிமிடம் முன்னாலேயே குச்சி விட்டுப் பாருங்கள்.

---

திண்டுக்கல் அடுப்படி எழுதியது:

சரி அண்ணா, அப்படியே செய்கிறேன். நீலக் கப்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி "251" என்று எழுதிவிட்டேன். அத்தையின் டம்ளரையும் அளந்தேன், 220 மி.லி. வருகிறது. அத்தைக்குப் போன் பண்ணிச் சொன்னபோது, "அந்த டம்ளர் உன் மாமா வீட்டுச் சீர்ல வந்ததுடி, இன்னொண்ணு இங்க இருக்கு, எடுத்துட்டுப் போ" என்றார்கள். இந்த வாரம் நத்தம் போய் வாங்கி வருகிறேன். தயிர் கேக்குக்கு முதல் எடை எழுதியாகிவிட்டது. மைதா 188 கிராம். இன்னும் இரண்டு தடவை பாக்கி.